படித்துக் காட்டியது ஒன்று

பெரம்பலூர்
10-06-2024

மரியாதைக்குரிய பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி கண்ணையன் மகள் மேகலா வணங்கி எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பழைய செவலைப் பசுவின் வம்சத்தில் ஏதாவது கொட்டகையில் நிற்கிறதா? எழுதியது யார் என்று தெரிந்ததும் கிழித்துப் போடச் சொல்லாமல் இதுவரைக்கும் கேட்டிருந்தீர்கள் என்றால், மீதியையும் கேட்டுவிடுங்கள்.

ரஞ்சித் அண்ணன் இறந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோனது. பெரம்பலூரிலிருந்து வெள்ளக்கரட்டுக்கு ஒரு மணி நேர பஸ்தான். இருபத்தோரு வருடமாக அந்த பஸ்ஸில் எங்கள் வீட்டில் யாரும் ஏறவில்லை.

நான் கல்லூரியில் நிலவியல் நடத்துகிறேன். தற்காலிக வேலை. டைனோசர் எலும்புகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். போன மாதம் ஒரு மியூசியத்தில் பழைய இழுப்பறையைத் துழாவியபோது ஒரு பல் கிடைத்தது. விரல் நீளம். ஓரம் கருக்கரிவாள் மாதிரி பொடிப்பொடியாக அறுபட்டிருக்கிறது. கூட இருந்த சீட்டில், ‘அரியலூர்ப் பக்கம், அங்கமுத்து என்ற விவசாயி கொடுத்தது, 1984’ என்று எழுதியிருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். “அண்ணன் கெணறு வெட்டையில வந்துச்சு பாப்பா. தாடையே வந்துச்சு. நானும் அண்ணனுந்தான் பொதைச்சோம்” என்றார். எங்கே என்று கேட்டால் ஞாபகம் இல்லை என்கிறார். இப்போதெல்லாம் அப்பா உங்களைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் மாதத்துக்குள் அந்தத் தாடையை நான் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் ஆராய்ச்சியும் போகும், வேலையும் போகும். இடம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நேரில் வரட்டுமா?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
மேகலா


வெள்ளக்கரடு
24-06-2024

மேகலாவுக்கு,

அங்கமுத்து சொல்லி எழுதுவது. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று போடட்டுமா என்று மணிமொழி கேட்கிறாள். போட்டுக்கொள்ளட்டும். நான் சொல்லவில்லை.

வராதே. உன் வீட்டு ஆள் என் வாசலில் கால் வைத்தால் சாணி கரைத்து ஊற்றுவேன் என்று பிணத்துக்கு முன்னால் சொன்னவன் நான். போனும் வேண்டாம். பக்கத்துக் குவாரியில் வைத்த வெடியில் ஒரு காது முழுக்கப் போயிற்று. மற்றதில் பக்கத்தில் நின்று கத்தினால் கேட்கும். கேட்க வேண்டியதைக் காகிதத்தில் கேள். இதை எழுதுகிறவள் என் மருமகள். பன்னிரண்டாவது படித்தவள். நான் சொல்வதில் ஒரு எழுத்தைக் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். உன் அப்பன் மாதிரி இல்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால்தான் எதையும் மறக்க முடியாமல் கிடக்கிறேன். எழுதி வைத்தவன் மறந்து தொலைக்கலாம். சொல்கிறேன், கேட்டுக்கொள். 1984, மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. பதினெட்டு அடி ஆழத்தில் கடப்பாரை ‘ணங்’ என்றது. மதுரைவீரன் என்று ஒரு ஒட்டர்தான் உள்ளே நின்று வெட்டினான். “அங்கமுத்து, கெணத்துல மாடு கெடக்குதுய்யா” என்று கத்தினான். பதினெட்டு அடிக்குக் கீழே எந்த மாட்டைக் கட்டியிருக்கிறார்கள் என்று நான் இறங்கிப் பார்த்தேன். தாடை. என் மார் அகலம். பதினோரு பல் நின்றது, மூன்று பல் விழுந்து கிடந்தது. பசுமண் ஈரத்தில் தவிட்டு நிறமாக மினுங்கியது.

எங்கம்மா பார்த்துவிட்டு, முனியின் எலும்பை எடுத்துவிட்டீர்களே, வம்சம் விளங்குமா என்று மாரில் அடித்துக்கொண்டாள். கல் கேட்டு வந்த காலேஜ் ஐயா ஒருவருக்கு ஒரு பல்லைக் கொடுத்தேன். மற்றதை நானும் உன் அப்பனும் புதைத்தோம். தூக்க முடியவில்லை. சாக்கில் போட்டு இழுத்தோம். வெகுதூரம் இழுக்கவும் முடியவில்லை. அம்மா கற்பூரம் கொளுத்தினாள். இடம் தெரியும். கண்ணைக் கட்டி விட்டாலும் போய் நிற்பேன்.

சொல்ல மாட்டேன்.

செவலையின் பேத்தி நிற்கிறது. நான்காவது ஈற்று. முழங்காலைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். உன் அப்பன் எழுத்து முத்துக் கோத்த மாதிரி இருக்குமே, அவன் ஏன் எழுதவில்லை?

கீழே இருப்பது என் ரேகை.


பெரம்பலூர்
08-07-2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

மேகலா வணக்கம். பதில் வந்ததே எனக்குத் திருவிழாதான். செவலை பேத்தி கன்று போட்டதா? காளையா, கிடாரியா? உங்கள் காதுக்கு டாக்டரைப் பார்க்கிறீர்களா?

அப்பாவுக்குக் கை நடுக்கம். அதனால் எழுதுவதில்லை.

அந்தத் தாடை ஏன் எனக்கு உயிர் என்று சொல்கிறேன். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே மடகாஸ்கர் என்று ஒரு தீவு இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தத் தீவும் நம் நிலமும் ஒட்டிக் கிடந்தன. எட்டே முக்கால் கோடி வருடத்துக்கு முன்னால் நடுவில் பிளந்தது. வருடத்துக்கு ஒரு சாண்கூட இல்லாமல் நகர்ந்து நகர்ந்துதான் நாம் இவ்வளவு தூரம் வந்து ஆசியாவில் முட்டி நிற்கிறோம். பிளந்து இரண்டு கோடி வருடம் கழித்து உயிரோடிருந்த பிராணி, நீங்கள் கிணற்றில் எடுத்தது. அதே மாதிரிப் பல் அந்தத் தீவிலும் கிடைத்திருக்கிறது!

நிலம் பிரிந்தால் அதன் மேல் இருக்கிற உயிரும் பிரிந்து வேறு வேறாக மாறும். வடக்கே ஒட்டியிருந்த நிலங்களில் ஊனுண்ணிகள் ஒரு வகை, தெற்கே நம் பக்கத்து நிலங்களில் இன்னொரு வகை. அப்படியிருக்க, நடுவில் கடல் வந்த பிறகும் இந்த இரண்டுக்கும் பல் ஏன் ஒன்றாக இருக்கிறது? பல் மட்டும்தான் ஒன்றா, தாடை மாறிவிட்டதா? இல்லை, நாம் நினைப்பதைவிட அதிக காலம் ஏதோ ஒரு வழி திறந்திருந்து போய்வந்துகொண்டிருந்தனவா? தாடையைப் பார்த்தால் சொல்லிவிடுவேன்.

பங்காளிகள் பெரியப்பா, அந்தத் தீவுக்காரர்களும் நாமும். அவர்கள் பங்கு கிடைத்துவிட்டது. நம் பங்கு உங்களிடம் இருக்கிறது.

கும்பிட்டுக் கேட்கும்
மேகலா


வெள்ளக்கரடு
20-08-2024

மேகலாவுக்கு,

அங்கமுத்து. உயிரோடிருக்கிறேன். கிடாரி.

உன் காகிதத்தை மணிமொழி இரண்டு தரம் படித்தாள். போன வருடம் பக்கத்து ஊரில் குளம் வெட்டும்போது உருண்டை உருண்டையாகக் கல் வந்ததும், டைனோசர் முட்டை என்று காரெடுத்துக்கொண்டு வந்து கூட்டம் கூட்டமாகக் கும்பிட்டார்கள். நத்தைக்கல் அது. எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிற இருசம்மாளுக்குத் தெரியும். அவள், “முட்டைன்னா அடை வைங்கடா, பொரியட்டும்” என்றாள். நீயும் அந்தக் கூட்டம்தானோ என்று நினைத்தேன். இல்லை. விசயம் தெரிந்துதான் பேசுகிறாய்.

நிலம் நகரும் என்கிறாய். நகரும், நான் பார்த்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு சாண்கூட இல்லை என்கிறாயே, உன் அப்பன் ஒரு ஆடிப் பெருக்கன்று ஒரே காகிதத்தில் நகர்த்தினான்.

உனக்குத் தெரியாது. சொல்லியிருக்க மாட்டான். பாகம் பிரித்ததில் கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி அவனுக்கு. அவன் தன் பாதியைக் குவாரிக்காரனுக்குக் கொடுத்தான். அவன் பங்கு, கொடுக்கட்டும். ஆனால் ஒட்டிய நிலத்துக்காரன் சம்மதம் வேண்டும் என்று சட்டம் பேசினார்கள். 2001 ஆடிப் பெருக்குக்கு உன் அப்பன் சித்திரான்னம் கட்டிக்கொண்டு வந்தான். சாப்பிட்டோம். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, “அண்ணே, மோட்டாருக்குக் கரண்டு கேட்டு மனு” என்று சொல்லி வரிக்கு வரி படித்துக் காட்டினான். ‘ஐயா, எனது கிணற்றுக்கு மின் இணைப்பு வேண்டி’ என்று. என்ன குரல்! கோயிலில் தேவாரம் கேட்ட மாதிரி இருந்தது. ரேகை வைத்தேன்.

2003 புரட்டாசி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று. கடலைக்காட்டில் ரஞ்சித்து களை வெட்டிக்கொண்டிருந்தான். கல்யாணமாகிப் பதினோரு மாதம். மணிமொழி தூக்குச்சட்டியில் கூழ் கொண்டு போனாள். வெடி வைத்தார்கள். வந்த கல் தேங்காய் அளவு. அவள் கூப்பிடு தூரத்தில் நின்றாள். ரஞ்சித்துக்குத் தலையில் பாதி இல்லை.

இதைச் சொல்லும்போது மணிமொழி பேனாவை வைத்துவிட்டு உள்ளே போனாள். தண்ணி குடிச்சிட்டு வந்து எழுது என்றேன். வந்து எழுதுகிறாள்.

கோர்ட்டில் குவாரிக்காரன் வக்கீல் அந்தக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். “இது உம்ம ரேகைதானே பெரியவரே?”

“ரேகை என்னுதுங்க. எழுத்து என் தம்பிது.”

“வெடி வைப்பதில் ஆட்சேபணை இல்லைன்னு எழுதியிருக்கு. கேக்காமயா ரேகை வச்சீர்?”

“கேட்டுத்தாங்க வச்சேன். வேற கேட்டேன்.”

கோர்ட்டே சிரித்தது. வாசல் பக்கம் உன் அப்பன் நின்றான். வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை.

உனக்கு இடம் வேண்டும். எனக்கு ஒரு வாக்கியம் வேண்டும். உன் அப்பன் என் வாசலில் நின்று, என் மூஞ்சியைப் பார்த்து, ‘நான் படிச்சுக் காட்டினது ஒண்ணு, அதுல இருந்தது ஒண்ணு’ என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் சொல்கிறேன்.

ரேகை.


பெரம்பலூர்
30-08-2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

மேகலா. உங்கள் உடம்பும் செவலையும் கிடாரியும் நன்றாக இருக்க வேண்டும்.

சத்தியமாக எனக்கு இது தெரியாது. கல் விழுந்தது, விபத்து என்று மட்டுமே சொல்லி வளர்த்தார்கள். கடிதத்தை அப்பாவிடம் படித்தேன். அவர் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது பெரியப்பா. அவருக்குப் பதில் நான் வருகிறேன். ஊர் பார்க்க உங்கள் காலில் விழுகிறேன். இன்னொன்றும் யோசித்தேன். அது புது வகைப் பிராணி என்று உறுதியானால் பெயர் வைக்கும் உரிமை எனக்கு இருக்கிறது. அதற்கு ரஞ்சித் அண்ணன் பெயரையே வைக்கிறேன். உலகத்தில் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அண்ணன் பெயர் இருக்கும்.

இத்துடன் கொஞ்சம் பாதுஷா அனுப்புகிறேன். உங்களுக்குப் பிடிக்கும் என்று அப்பா சொன்னார்.

மேகலா


வெள்ளக்கரடு
15-09-2024

மேகலாவுக்கு,

பாதுஷாவைச் செவலைக்குப் போட்டேன். மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

மனிதனைத் தின்கிற பல்லுக்கு என் மகன் பெயரா? நல்லா வைப்பாய். உன் அப்பன் மகள்தான் நீ.

சிறுவாச்சூர் காளி மேல் ஆணையாகச் சொல்கிறேன். அவன் வந்து சொல்லாமல் இடம் வராது. எனக்கு எழுபத்தெட்டு. நான் போனால் அதுவும் கூடவே போகும். மார்ச்சுக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று மணிமொழி விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். ஆறு.

ரேகை.


பெரம்பலூர்
04-11-2024

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

மேகலா வணக்கத்துடன். மழையில் உங்களுக்குச் சளி பிடிக்கவில்லையே? கிடாரிக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

எழுதத் தாமதமாகிவிட்டது. அப்பா சம்மதித்துவிட்டார். வருகிற 17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்குக் காரில் அழைத்து வருகிறேன். நீங்கள் கேட்டதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வார்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த வாக்கியத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கேள்வி கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். சீக்கிரம் களைத்துவிடுகிறார்.

மேகலா


வெள்ளக்கரடு
25-11-2024

மேகலாவுக்கு,

அங்கமுத்து சொல்வது. நலமாக இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. எட்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

நீ அன்றைக்குக் காரில் அழுதுகொண்டே போனாய். நடந்ததை மறுபடி சொல்கிறேன். நீ பார்த்தது வேறு, நான் பார்த்தது வேறு.

கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். சாணி கரைத்த வாளியைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். வெள்ளைச் சட்டையில் இறங்கினான். இருபத்தோரு வருடத்தில் நான் எத்தனை விதமாக நினைத்து வைத்திருந்தேன் தெரியுமா? தலை குனிந்து வருவான், அழுவான், இல்லை முறைப்பான். அவன் சிரித்துக்கொண்டே வந்தான். “அண்ணே!” என்று கூவிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி. என் கையைப் பிடித்து, “என்னண்ணே எளைச்சுட்ட?” என்றான்.

நீ அவனிடம், “அப்பா, காலையில சொன்னீங்கல்ல, சொல்லுங்கப்பா” என்றாய். உடனே கையைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, ஒப்பித்தான். ‘நான் படிச்சுக் காட்டினது ஒண்ணு. அதுல இருந்தது ஒண்ணு.’ அதே குரல், தேவாரக் குரல். ஒப்பித்துவிட்டு உன்னைத் திரும்பிப் பார்த்து, “சரியா சொன்னனா?” என்றான்.

கிளிக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி எத்தனை நாள் சொல்லிக் கொடுத்தாய் மேகலா? தீபாவளிக்கு முன்பே ஆரம்பித்தாயா?

அதோடு போயிருக்கலாம். மஞ்சப் பையைத் துழாவி முறுக்குப் பொட்டலத்தை எடுத்தான். “ரஞ்சித்து எங்கண்ணே? பள்ளிக்கூடம் வுட்டு வந்துட்டானா? அவனுக்குத்தான் வாங்கியாந்தேன். கூப்புடு, கூப்புடு” என்றான். தண்ணீர் கொண்டுவந்த மணிமொழியைப் பார்த்து, “இந்தப் பொண்ணு யாருண்ணே? நம்ம வூட்டு ஆளா?” என்றான்.

வாளி பக்கத்திலேயே இருந்தது. யார் மேல் ஊற்றுவது? நான் திட்ட வேண்டிய கண்ணையன் அங்கே இல்லை. எவனோ ஒருத்தன் அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். “காட்டுக்குப் போயிருக்கான், வந்துருவான்” என்று சொன்னேன். அவனிடம் நான் சொன்ன முதல் பொய். “அப்ப முறுக்கை நீ வச்சிக் குடுண்ணே” என்று என் மடியில் வைத்தான்.

எனக்கு மறக்காது, அவனுக்கு நினைவில்லை. இரண்டும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தது. உன் தீவும் நிலமும் போல, பிரிந்து எது எதுவாக ஆகிவிட்டோம் பார். யாரிடம் இனி கணக்குக் கேட்பது? எனக்கும் அவனுக்கும் தீர்ந்தது. விட்டுவிட்டேன்.

ஆணை ஆணைதான். வாக்கியம் வந்துவிட்டது, இடம் தருகிறேன். மந்தைக்கு வடக்கே கருவேலங்காடு. அதன் ஓரம் உடைந்த கல்தொட்டி கிடக்கும். தொட்டியிலிருந்து கிழக்கே நாற்பது தப்படி. என் தப்படி, உன்னுடையது அல்ல. மூன்று முழம் தோண்டு.

கிடைத்ததும் எழுது. ஒரு பல்லை எனக்குக் காட்டு. இந்தக் கண்ணால் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகிறேன்.

ரேகை.


வெள்ளக்கரடு முகாம்
31-01-2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

மேகலா. உங்களுக்குக் காய்ச்சல் என்று ஊரில் சொன்னார்கள். செவலையும் கிடாரியும் சுகம்தானே?

பொங்கல் கழிந்து ஆரம்பித்தோம். பதினோரு நாள் தோண்டினோம். நாற்பது தப்படி, ஐம்பது தப்படி, சுற்றி எல்லாப் பக்கமும். மூன்று முழம் போய் ஆறு முழம் வரைக்கும். வந்ததெல்லாம் மாட்டு எலும்பு. ஊரில் செத்த மாட்டைப் புதைக்கிற இடமாம் அது. ஒன்றின் காலில் லாடம்கூட இருந்தது. வேடிக்கை பார்த்தவர்கள், “டைனோசருக்கு லாடம் கட்டியிருக்காங்கடியோவ்” என்று கை தட்டினார்கள். கூட வந்த பெரிய ஆராய்ச்சியாளர் நேற்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உங்கள் ஞாபகம் தப்பாது என்று எல்லாரிடமும் சத்தியம் செய்திருந்தேன். ஒருவேளை தொட்டியை யாராவது நகர்த்தியிருப்பார்களா? மேற்கே என்பதைக் கிழக்கே என்று சொல்லிவிட்டீர்களா? தெருக்கோடியில்தான் கூடாரம் போட்டிருக்கிறேன். வாசலுக்கு வந்தேன். நீங்கள் தூங்குவதாகவும், எழுதிக் கொடுத்தால் படித்துக் காட்டுவதாகவும் சொன்னார்கள். அதனால் இங்கிருந்தே எழுதுகிறேன். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது பெரியப்பா. நன்றாக நினைத்துப் பார்த்து மறுபடி சொல்லுங்கள். காலில் விழுகிறேன்.

மேகலா


வெள்ளக்கரடு
05-03-2025

மேகலாவுக்கு,

மணிமொழி எழுதுவது. இந்த வீட்டிலிருந்து உங்களுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் என் கையெழுத்துத்தான். ஆனால் நானே சொல்லி நானே எழுதுவது இதுதான் முதல்.

நீங்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போன பிறகு, மாசி மூன்றாம் தேதி மாமா காலமானார். பதினாறாம் நாள் முடிந்துவிட்டது. பங்காளி வீட்டு அய்யம்பெருமாள் கொள்ளி வைத்தார். உங்களுக்குச் சாவு சொல்லவில்லை. ஊரில் கேட்டவர்களிடம், “சொல்லியனுப்பியாச்சு, அவங்க வரலை” என்றேன். கூடப்பிறந்தவன் செத்ததற்குக்கூட வராத குடும்பம் என்று உங்களை ஊரே காறித் துப்பிவிட்டுக் கலைந்தது. உங்கள் அப்பா தீட்டுக் காக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரியவா போகிறது?

உங்கள் கடைசிக் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். “பெரியப்பா, நீங்கள் சொன்ன இடத்தில், சொன்ன ஆழத்தில், தாடை அப்படியே கிடைத்தது. பதினோரு பல். அடுத்த வாரம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டுகிறேன்” என்று படித்தேன். நல்ல குரலில், நிறுத்தி நிறுத்திப் படித்தேன். இன்னொரு தரம் படி என்றார். படித்தேன். “பாத்தியா, என் கணக்குத் தப்புமா?” என்றார். பல்லைப் பார்க்கிறேன் என்று நான்கு நாள் வாசலைப் பார்த்தே கிடந்தார். ஐந்தாம் நாளிலிருந்து பேச்சு இல்லை.

அவர் ஞாபகம் தப்பவில்லை. இடத்தைச் சரியாகத்தான் சொன்னார். திசை, தப்படி, மேலே கிடக்கிற கல், எல்லாம். மந்தையும் இல்லை, கருவேலங்காடும் இல்லை. சாக்கில் போட்டு இழுத்தோம், வெகுதூரம் இழுக்க முடியவில்லை என்று முதல் கடிதத்திலேயே சொன்னாரே. நீங்கள் யோசித்திருக்கலாம். அரை மைல் தள்ளி இருக்கிற மந்தைக்கு ஏன் இழுக்கப் போகிறார்கள்?

முறுக்கை மாமா தின்றார். ரஞ்சித்துக்கு என்று கொடுத்ததை, மடியில் வைத்து ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றுகொண்டே, “எனக்கும் அவனுக்கும் தீர்ந்தது, எழுது” என்றார். தீர்ந்தது என்றால் அவருக்கு மகன் விசயம் தீர்ந்தது. என் புருசன் விசயம் தீர்ந்ததா என்று அவர் என்னைக் கேட்கவில்லை. கூழை வைத்துக்கொண்டு கூப்பிடு தூரத்தில் நின்றவள் நான். அதையும் என் கையாலேயே எழுத வைத்தார். என் புருசன் பெயரை அந்தப் பல்லுக்கு வைப்பதாக நீங்கள் எழுதியதையும் நான்தான் வாய்விட்டுப் படித்தேன்.

நீங்களும் கேட்கவில்லை. ஐந்து கடிதம் போட்டீர்கள். மாமாவின் முழங்காலைக் கேட்டீர்கள், காதைக் கேட்டீர்கள், சளியைக் கேட்டீர்கள். செவலையைக் கேட்டீர்கள், கிடாரிக்குப் பெயர் கேட்டீர்கள். படித்துக் காட்டுகிறவள் ஒருத்தி இருக்கிறாளே, அண்ணி எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. ஒவ்வொரு தரமும் உறையைப் பிரித்ததும் அதைத்தான் முதலில் தேடினேன்.

அவர் சொன்னது ஒன்று. நான் எழுதியது ஒன்று.

இடம் எனக்குத் தெரியும். தினமும் அதன் மேல் நடக்கிறேன். மார்ச் முடிய இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. கேட்க வேண்டியது இருந்தால் எழுதுங்கள். இனிமேல் பிரித்துப் படிக்கிறவளும் நான்தான், பதில் சொல்கிறவளும் நான்தான்.

மாடு நலம்.

ரஞ்சித்குமார் மனைவி
மணிமொழி